கடைமடைக்கு முதல் முறை

பொன்னுத்தாயின் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். நடவுக்குப் போன காலத்தில் மாதக்கணக்காகச் சேற்றில் நின்ற கால்தான். இப்போது ஒரு வார வெள்ளத்துக்கே வெந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதுக் கால். மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பொட்டலம் முப்பத்தெட்டு இருந்தது. தெருவில் நோயாளிகள் பதினாறு பேர். மத்தியானம் வரை வரும் என்று நினைத்தாள்.

குத்தாலத்துக்குத் தெற்கே வேளாங்குடி. அதில் தெற்குத் தெருதான் ஊரின் கடைசி. அதைத் தாண்டினால் வயல், வடிகால் வாய்க்கால், வேறொன்றுமில்லை. கார்த்திகை மழை ஐந்து நாள் விடாமல் கொட்டியதில் வடிகால் நிரம்பி, வயலை மூழ்கடித்து, தெருவுக்குள் ஏறி முழங்காலுக்கு மேல் நின்றது. சனங்கள் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தார்கள். தண்ணீர் வடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் ஐந்து பேருக்கு வயிற்றால் போயிற்று. நான்காம் நாள் அது பதினாறு. சம்பாப் பயிர் பிழைத்ததா அழுகியதா என்று தெரிய இன்னும் ஒரு வாரம் ஆகும். மனிதர் உடம்பு அவ்வளவு நாள் பொறுப்பதில்லை.

பொன்னுத்தாய் இந்தத் தெருவிலேயே பிறந்து இந்தத் தெருவிலேயே வாக்கப்பட்டவள். முப்பது வருஷம் நடவும் அறுப்பும். அறுப்பு இயந்திரம் வந்து கூலிவேலை சுருங்கிய அதே காலத்தில் அவள் முழங்காலும் தேய்ந்தது. இரண்டும் ஒன்றாக நடந்தது ஒரு வகையில் வசதி. பிறகு புருஷன் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப்போட்டு, துடைத்து, முதுகில் ஒரு புண் இல்லாமல் அனுப்பிவைத்தாள். அவன் போன மறுவருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வாரப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற தன்னார்வலர் என்று அவளை ஆக்கினார்கள். அதில் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், யார் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறார் என்பதெல்லாம் மனப்பாடம். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் சுடர்விழி, "பேசாம இங்க வந்து இரும்மா" என்று வாரம் ஒருமுறை போனில் சொல்வாள். "வர்றேன்" என்று இவளும் வாரம் ஒருமுறை சொல்வாள்.

ஆனால் தெரு அவளை மதித்தது மாத்திரைக்காக இல்லை. தண்ணீருக்காக.

குடிநீர்த் தொட்டி மேலத்தெருவில் இருக்கிறது. அங்கிருந்து வரும் குழாய், வழியில் நாலு தெருவுக்குக் கொடுத்துவிட்டுத் தெற்குத் தெருவுக்கு வந்து சேரும்போது வெறும் காற்றுதான் மிச்சம். எட்டு வருஷம் முன்பு, பொன்னுத்தாய் மகளிர் குழுவுக்குத் தலைவியான புதிதில், மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தாள். ஒரு நாள் மனுவை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். மேலே ஏறாத தண்ணீர் கீழே இறங்கும் என்பது வயலில் வேலை செய்த எவருக்கும் தெரியும். குழாயடியில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, நிற்கிற குழாயை அறுத்துவிட்டு, பள்ளத்தின் அடியில் வாயை வைத்தார்கள். குடத்தோடு இரண்டு படி இறங்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் வந்தது. முதல் குழியை வெட்டியது காத்தான். அவளுக்குச் சித்தப்பா முறை, அப்போதே அறுபதைத் தாண்டியவர். அதன்பின் ஆறு குழி. ஏழு குழியையும் 'பொன்னுத்தாயி குழி' என்றுதான் சொன்னார்கள்.

ஒரு வேடிக்கையும் இருந்தது. தொட்டி ஆபரேட்டர் பக்கிரி காலையில் வால்வை மூடியதும், குழிக்குள் இருக்கும் குழாய் 'கொர்ர்' என்று இழுக்கும். கடைசிக் குடத்துக்கு நிற்கிற பெண்கள், "குடுத்தத குழாயே திரும்பக் குடிக்குது பாரு, மேலத்தெரு புத்தி" என்று சிரிப்பார்கள். பொன்னுத்தாயும் சிரித்திருக்கிறாள்.

அன்று காலை கிராம சுகாதார செவிலியர் வானதி, ஸ்கூட்டரைச் சேற்றில் விட்டுவிட்டு நடந்தே வந்தாள். கையில் படிவங்கள்.

"அக்கா, ராத்திரி எத்தனை?"

"புதுசா நாலு. அதுல ரெண்டு வயசானது. முருகையன் வீட்டுக் கைக்குழந்தை தாய்ப்பால் மட்டுந்தான் குடிக்கிது, அதுக்கு ஒண்ணுமில்ல."

"சாப்பாடுதான்னு எல்லாரும் சொல்றாங்களே."

"சொல்றாங்க" என்றாள் பொன்னுத்தாய். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் சமைத்துப் போட்டது மேலத்தெருப் பாசன சங்கம். தலைவர் தியாகராசன் தன் களத்து அடுப்பிலேயே இரண்டு அண்டா சாம்பார் சாதம் இறக்கி, டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். வீடு திரும்பிய பிறகும் தினம் இரண்டு வேளை வந்தது. முதல் ஆள் படுத்ததும் ஊர் வாட்ஸப் குழுவில் யாரோ குரல் பதிவு போட்டுவிட்டார்கள்: 'மிச்ச சோத்த நமக்குத் தள்ளியிருக்காங்க.' அதைக் கேட்ட தியாகராசன் அடுப்பை அணைத்துவிட்டார். டிராக்டர் வருவது நின்றது.

இருவரும் முதலில் இளவழகன் வீட்டுக்குப் போனார்கள். அறுப்பு இயந்திரம் ஓட்டுகிறவன், முப்பது வயது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டியோடு பாயில் சுருண்டு கிடந்தான். மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"எத்தனை தடவை போச்சு, சாமி?"

"எண்ணல அத்தை. எண்ணத் தெம்பில்ல."

பொன்னுத்தாய் அவன் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் அப்படியே மடிப்பாக நின்று, மெல்ல இறங்கியது. நாக்கு காய்ந்திருந்தது.

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

"நேத்து சாயங்காலம்."

"நர்ஸம்மா, இவருக்கு வாய்வழி மட்டும் போதாது. சலைன் போடணும்."

வானதி எழுதிக்கொண்டே கேட்டாள்: "பள்ளிக்கூடச் சாப்பாடு கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

பதில் அவன் மனைவியிடமிருந்து வந்தது. "நல்லாக் கேட்டீங்க. மாலை போட்டதுலேருந்து நான் பொங்குனதையே தொடுறதில்ல. அவரே குளிச்சு, அவரே பொங்கித் திங்கிறாரு. ஊரே அங்க சாம்பார் சோறு திங்கிறப்ப, இவரு ரெண்டு வாழப்பழத்த வெச்சுக்கிட்டு சரணம் சொல்லிட்டு உக்காந்திருந்தாரு."

பொன்னுத்தாய் பொட்டலத்தைப் பிரித்த கையோடு நின்றாள்.

"அப்ப சோறு இல்ல" என்றாள்.

வானதி தலை தூக்கிப் பார்த்தாள். "தண்ணி?"

"நம்ம குழாத் தண்ணிதான். அதுக்கு மாலை கெடையாதே" என்றாள் இளவழகன் மனைவி.

அப்போது காலைத் தண்ணீர் விடும் நேரம். வானதி பையிலிருந்து சிறு கண்ணாடிக் குழலையும் சொட்டு மருந்துப் புட்டியையும் எடுத்தாள். தண்ணீரில் குளோரின் மருந்து போதுமான அளவு இருந்தால் சொட்டு விட்டதும் மஞ்சளாகும். வரும் வழியில் மேலத்தெருக் குழாயில் பார்த்தபோது நல்ல மஞ்சள். இப்போது காத்தான் வீட்டெதிரில் உள்ள குழியில் பிடித்துச் சொட்டு விட்டாள். கழுவி, இரண்டாம் முறையும் விட்டாள். நிறமே இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகும் குழியில் தினம் ஒன்றரை அடிக்கு வெள்ளத் தண்ணீர் ஊறித் தேங்குகிறது. காலையில் பெண்கள் அதை வாளியால் இறைத்துவிட்டு, முதல் குடத்தைக் கொட்டிவிட்டு, இரண்டாம் குடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். சுத்தமாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிடித்து முடித்ததும் சுற்றிலும் ஊறி வந்து குழி மறுபடி நிறைந்துவிடும். குழாயின் வாய் அதற்குள் மூழ்கிவிடும்.

தூரத்தில் பக்கிரி வால்வை மூடினான் போலிருக்கிறது. குழாய் 'கொர்ர்' என்றது. பழுப்புத் தண்ணீரில் ஒரு சுழி விழுந்தது.

"அக்கா, அது என்ன சத்தம்?"

"குடிக்குது" என்றாள் பொன்னுத்தாய். சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சாக்கடையும் வடிகாலும் கலந்த தண்ணீரைக் குழாய் குடிக்கிறது. நாளைக் காலை அதையே தெருவுக்குக் கக்கும்.

அவள் குழிப் படியில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியில் உட்கார்ந்தாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

"வருஷா வருஷம் அடைமழையில நாலு பேருக்கு வயித்தால போகத்தான் செய்யும். மழைக்கு ஒத்துக்கலன்னு நெனச்சுக்குவோம்" என்றாள். "எட்டு மழை."

வானதி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது பொன்னுத்தாய்க்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண் போனை எடுத்து டாக்டரிடம் பேசினாள். பேசிவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குத் தண்ணி விடக் கூடாது. ஏழு குழியையும் தூத்து, குழாயத் தரைக்கு மேல தூக்கணும். லைன் பூரா மருந்து விட்டுக் கழுவணும். குடிக்கறதுக்கு, நாகூர் ஜமாத்து ஆளுங்க கேன் தண்ணி வண்டியோட மயிலாடுதுறையில நிக்கிறாங்களாம், டாக்டர் கேட்டிருக்காரு. ஆனா எத்தனை நாளைக்கு வரும்?"

"ரெண்டு நாள் வரும். மூணாம் நாள்?"

குழாயை மேலே தூக்கினால் மூன்றாம் நாளிலிருந்து காற்றுதான் வரும். அது இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் அங்கன்வாடி வாசலில் தெருவைக் கூட்டினாள். சேதியைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். காத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வெட்டச் சொன்னது யாரு?"

"நான்தான் சித்தப்பா."

"இப்ப தூக்கச் சொல்றது யாரு?"

"அதுவும் நான்தான்."

"நாளைக்கு மறுபடி வெட்டச் சொன்னியன்னா என் இடுப்பு தாங்காது, இப்பவே சொல்லிப்புட்டேன்." சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மேலத்தெருவுல மாடியில தொட்டி வெச்சுக் குளிக்கிறான். நாம குழிக்குள்ள எறங்கிக் குடிச்சோம். அதையும் மூடச் சொல்ற. நோவு வந்தா நாலு நாள்ல போயிரும். தண்ணி போனா வருமா?"

பதினாறு பேர் இருபதாகும், அதில் ஒன்று பிழைக்காது என்று மட்டும் சொன்னாள். யாருடையது அந்த ஒன்று என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. கடைசியில் குழுப் பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குழியைத் தூர்க்கலாம். ஆனால் தரைக்கு மேலே தண்ணீர் ஏறுவதற்கு வழி பண்ணிவிட்டு வந்து தூர்க்கச் சொல்.

வெளிச்சம் போகுமுன் வானதியைக் கூட்டிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனாள். தியாகராசன் வாசலில் ஈரநெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். இவள் அம்மா அவர் அப்பாவை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டாள். பொன்னுத்தாய் 'சார்' என்பாள். அதில் உறவும் இல்லை, குனிவும் இல்லை. அவர் பஞ்சாயத்து ஆபீஸ் கூட்டத்தில் அவளை 'நீங்க' என்பார், மற்ற இடத்தில் 'நீ'.

"வா. சோத்துல என்ன போட்டேன்னு கேக்க வந்தியா?"

"இல்ல சார். சோறு காரணமில்ல. எங்க குழிதான் காரணம்."

அவர் கிளறுவதை நிறுத்தினார். வானதி கண்ணாடிக் குழலைக் காட்டி விளக்கினாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "சரி. அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றார்.

"வயல்ல தண்ணி பத்தாத வருஷம் என்ன செய்வீங்க?"

"முறை வைப்போம்."

"மொத முறை யாருக்கு?"

அவருக்கு எங்கே போகிறாள் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னார், பாசன சங்கத் தலைவர் வேறெப்படிச் சொல்ல முடியும்: "கடைமடைக்கு. மேல தெறந்துட்டா கீழ போய்ச் சேராது."

"குடிக்கிற தண்ணிக்கும் அத வைங்க. எல்லா வால்வையும் மூடிட்டு மொத அரை மணி எங்களுக்கு மட்டும். அப்புறம் நீங்க எல்லாரும் தெறந்துக்குங்க. டேங்க் நெறைஞ்ச வேகத்துல மூணடி ஏறும்னு பக்கிரியே சொல்றான்."

"மேலத்தெரு ஒத்துக்கணுமே."

"நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க. அப்புறம் சார், உங்க வீட்டு இணைப்பு வால்வுக்கு முன்னாடி மெயின் லைன்ல இருக்கு. மோட்டர் போட்டு இழுக்கிறீங்க. அந்த அரை மணி அது ஓடக் கூடாது."

வானதி தரையைப் பார்த்தாள். தியாகராசன் நெல்லைப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்க" என்றார் அவர். "நானும் ஒண்ணு கேக்குறேன். ரெண்டு அண்டா சோறு, என் வீட்டுப் பொம்பளைங்க கண்ணு எரிய எறக்குனது. அதுக்கு விஷம்னு பேரு வாங்குனேன். வாட்ஸப்புல போட்டானே, அதே எடத்துல உண்மை என்னன்னு போடணும். நீதான் போடணும், நர்ஸம்மா இல்ல."

பொன்னுத்தாய் போனை எடுத்தாள். குரல் பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே பேசினாள்: "தெற்குத் தெரு பொன்னுத்தாய் பேசுறேன். வயித்தால போனதுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு காரணமில்ல. எங்க தெருக் குழிக் குழாயில வெள்ளத் தண்ணி கலந்ததுதான் காரணம். அந்தக் குழியத் தோண்ட வெச்சது நான். யாரும் காச்சாம குடிக்காதீங்க." விரலை எடுத்தாள். போய்விட்டது. எட்டு வருஷத்து நல்ல பெயர் போக அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

தியாகராசன் நெல் கிளறும் கட்டையைச் சுவரில் சாய்த்தார். "முறைன்னா காவல் வேணும்" என்றார், வேறு குரலில். "மடையில ஆள் உக்காரலன்னா முறை ரெண்டு நாள்கூட நிக்காது, எனக்குத் தெரியாததா. வால்வுகிட்ட யாரு நிப்பீங்க?"

"நான்" என்றாள். யோசிக்காமல் சொன்னது அது.

மறுநாள் தண்ணீர் விடவில்லை. குழுப் பெண்கள் ஏழு குழியையும் இறைத்தார்கள். குத்தாலத்திலிருந்து வந்த பிளம்பர் குழாய்களை உயர்த்தினான். சங்கத்து டிராக்டர் ஒரு நடை மணல் கொண்டுவந்து கொட்டியது. லைனில் மருந்துத் தண்ணீர் விட்டு, வடிகாலில் திறந்து கழுவினார்கள். பத்து மணிக்கு நாகூர் ஜமாத்து வண்டி வந்தது. கூட வந்த ஆசியா நாற்பது வயசுக்காரி, தலையில் முக்காடு, காலில் ரப்பர் பூட்ஸ், தொண்டை மட்டும் ஒலிபெருக்கி.

"வீட்டுக்கு ரெண்டு கேன். கேனைத் திருப்பித் தரணும். ஊறுகாய் போட எடுத்து வெச்சீங்கன்னா நாகூர்லேருந்து வந்து எடுத்துட்டுப் போவேன்" என்று தெருமுனையில் நின்றே அறிவித்தாள். பொன்னுத்தாயின் காலைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கே ஒரு ஆள் வேணும்போல இருக்கே" என்றாள்.

"ஆள் இருந்தா அனுப்பு. எனக்கும் வேலையிருக்கு."

காத்தான் கேனை வாங்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "அது தாகத்துக்கு ஆகாது, நாக்குல பிளாஸ்டிக்கா கெடக்கும்" என்றார். பின்னே என்ன குடிக்கிறார் என்று கேட்கப் பொன்னுத்தாய்க்குத் தோன்றவில்லை. அன்று அவள் பார்க்க வேண்டிய வீடு பத்தொன்பது. இளவழகனைச் சலைன் போட அனுப்ப வேண்டியிருந்தது. தனிக்கட்டைக் கிழவர் முறைத்துக்கொண்டிருக்கிறார், முறைக்கட்டும் என்று தாண்டிப் போனாள்.

அதுதான் தப்பு. சாயங்காலம் போனபோது காத்தான் கதவோரம் சரிந்து கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. நாடி பிடிக்கக் கிடைக்கவில்லை; கழுத்தில்தான் கிடைத்தது. அடுப்படியில் நீல டிரம் நிறையத் தண்ணீர். முந்தின நாள் காலை குழியில் பிடித்தது. இனிமேல் தண்ணீர் வராது என்று, வீட்டுப் பாத்திரங்களில் இருந்ததையெல்லாம் கொட்டாமல் காத்து வைத்திருந்தார்.

"சித்தப்பா, இதையா குடிச்ச?"

அவர் உதடு அசைந்தது. "நீ வெச்ச குழாதானே."

அவள் கத்தவில்லை. கத்த நேரமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வேட்டியை மாற்றி, ஆசியாவுக்குப் போன் போட்டாள். நாலு கேன்களை இறக்கி இடம் பண்ணி, வண்டியிலேயே அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆசியா வழியெல்லாம் அவர் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, கண்ணத் தெறங்க. நாகூர்க்காரி மடியில தூங்குனா கேன் காசு தனியா வாங்குவேன்" என்று பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, ஏழு பாட்டில் போன பிறகு அவர் ஒண்ணுக்குப் போனார். பொன்னுத்தாய் அதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். தெருவுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் காத்தான் வீட்டு டிரம்மைக் கவிழ்த்தாள். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய், பிடித்து வைத்த பழைய தண்ணீரையெல்லாம் கொட்டவைத்தாள். பதினொரு வீட்டில் இருந்தது. எல்லோருமே காத்தான் மாதிரித்தான் நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் விடிகாலை ஐந்தேகாலுக்குத் தொட்டியடியில் வால்வுக் குழியோரம் போய் நின்றாள். பக்கிரி கொட்டாவி விட்டுக்கொண்டு மற்ற தெரு வால்வுகளை இறுக்கினான், தெற்கை மட்டும் திறந்தான். பத்து நிமிஷம் கழித்துத் தெருவிலிருந்து போன் வந்தது: காற்றுதான் வருகிறதாம். அவள் காது கொடுத்துக் கேட்டாள். மேலத்தெருவில் எங்கோ ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவள் தியாகராசன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கையில் வேப்பங்குச்சியோடு வெளியே வந்தார், பார்த்தார், உள்ளே திரும்பி, "அதை நிறுத்துங்கடி" என்றார். உறுமல் நின்றது.

இரண்டாவது போன் வந்தது. சுண்டுவிரல் கனத்துக்கு வருகிறதாம்.

அந்த வாரத்தோடு நோய் அடங்கியது. மொத்தம் இருபத்தாறு பேர். ஒருவரும் சாகவில்லை. வானதி படிவங்களைக் கட்டி எடுத்துப்போனாள். வேறு ஊரில் அம்மை போட்டிருந்தது, அவளுக்கு அங்கே வேலை. ஜமாத்து வண்டி கேன்களை எண்ணி வாங்கிக்கொண்டு போயிற்று, இரண்டு குறைந்தது. சம்பா பாதி பிழைத்தது. காத்தான் ஒரு வாரம் கழித்து இளைத்து வந்தார், பொன்னுத்தாயோடு பேசவில்லை. தெருவில் இன்னும் சில பேர் பேசவில்லை. இத்தனை நாள் கழிவுத் தண்ணீரையா குடிக்கக் கொடுத்தாய் என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். ஆமாம் என்றாள்.

எல்லோரும் போன பிறகு மிச்சமானது அந்த அரை மணி. தினம் ஐந்தேகால். அவள் நிற்கிற அன்று பக்கிரி சரியாக மூடுவான், சரியாகத் திறப்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் நாலு தெருக்காரர்களும் அவனைத்தான் ஏசினார்கள். தியாகராசன் நாலு நாளைக்கு ஒருமுறை மறப்பார். இவள் தலை தெரிந்ததும் நினைவு வந்துவிடும். பனியில் முழங்கால் இறுகிப்போகும். வீடு திரும்பி, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போவாள். ஐந்து வாரம் ஒரு நாள் தவறவில்லை.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஏழு மணிக்குக் குழாயில் நூல் மாதிரி ஒழுகி நின்றது. வெளியே மண்ணில் வெட்டு விழும் சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். காத்தான், தூர்த்த குழியை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். ஒரு சாண் போயிருந்தது. நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள், ஒருத்தியும் தடுக்கவில்லை.

"கீழ போடு சித்தப்பா."

"தண்ணி?"

"நாளைக்கு வரும்."

"நீ எந்திரிச்சா வரும். நீ செத்துட்டா?" அவர் மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவருக்கு நாலு வெட்டுக்கு மேல் ஓடாது. "ஒருத்தி நின்னாத்தான் தண்ணி வரும்னா அது என்னா முறை?"

"அதான் முறை. வயல்ல மட்டும் எப்புடி நின்னுச்சுன்னு நெனச்ச? உங்கப்பன் ராத்திரி பூரா மடையில உக்காந்திருந்தாரு, மேலத்தெருக்காரங்க வயலுக்கு."

காத்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். காய்ச்சலில் அவள் கால் நடுங்கியது. அவர் மண்வெட்டித் தலையால் தோண்டிய மண்ணை மெதுவாகத் திருப்பித் தள்ளினார். போய்விட்டார்.

சாயங்காலம் வாசலில் வந்து நின்று, உள்ளே பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு நான் நிக்கிறேன். நீ படு."

"உன்னால ஆகாது. பக்கிரி ரெண்டு பீடி குடுத்தா எடத்த விட்டுப் போயிருவ."

"மூணு குடுத்தாத்தான் போவேன்."

"காதுக்குத் துணி கட்டிக்கிட்டுப் போ. பனி."

"தெரியும்."

விடிகாலை பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. காய்ச்சல் இறங்கி உடம்பு சில்லிட்டிருந்தது. அவர் எழுந்தாரோ இல்லையோ, போனாரோ திண்டாடுகிறாரோ என்று எழுந்து உட்காரப் பார்த்தாள், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு ஒன்றுமில்லை. பால்காரன் மணி போயிற்று. ஐந்தே முக்காலுக்கு வாசல் குழாய் இரண்டு தரம் இருமியது. பிறகு யாரோ குடத்தை வைக்கிற சத்தம், அதற்குள் தண்ணீர் விழுகிற சத்தம்.

பொன்னுத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.